திரும்பி வராத படகின் நேரம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பலர் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். தேடல் திரை ஒன்று இருக்கிறது, பயனர் எந்த ஃபீல்டை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துத் தேடலாம், அதற்கேற்ப க்வெரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, நிரல் ஓடும்போதே கட்ட வேண்டும். காலியாக இருக்கக்கூடிய ஃபீல்டு வந்ததும் எல்லாம் உடைகிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விகள் பத்திரமாக இருக்கின்றன.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மதிப்பு இல்லாத நிலையை (null) தமிழில் 'நல்' என்று எழுதினால் 'நல்ல' என்பதோடு குழம்புகிறது. அதனால் எல்லா இடத்திலும் மேற்கோள் குறிக்குள் எழுதுகிறேன்.

அக்கா, நான் திருவொற்றியூர். மணலி பக்கம் இருக்கும் ஒரு கண்டெய்னர் யார்டுக்கு மென்பொருள் எழுதும் சின்ன கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சி ஷார்ப் மொழியில் எக்ஸ்பிரஷன் ட்ரீ (நிபந்தனையைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டும் அமைப்பு) வைத்து ஃபில்டர் கட்டுகிறேன். கண்டெய்னர் உள்ளே வந்த தேதியில் தேடினால் அருமையாக வேலை செய்கிறது. வெளியே போன தேதியில் தேடினால், ஈக்வல் என்ற ஆபரேட்டர் நல்லபிள் டேட்டைம் (காலியாகவும் இருக்கக்கூடிய தேதி), டேட்டைம் ஆகிய இரண்டு வகைகளுக்கும் இடையே வரையறுக்கப்படவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. அதே ஒப்பீட்டை லாம்ப்டாவாக (பெயரில்லாத சின்ன ஃபங்ஷனாக) கையால் எழுதினால் ஒரு சத்தமும் இல்லை. கையால் எழுதினால் சரி, கட்டினால் தப்பா? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

தம்பி, முதலில் போய்த் தூங்குங்கள். உங்கள் கோடில் பெரிய தவறு எதுவும் இல்லை, ஒரே ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது.

கையால் எழுதும்போது உங்களுக்குப் பக்கத்தில் கோடை மொழிபெயர்க்கும் கம்பைலர் இருக்கிறது. இடது பக்கம் 'டேட்டைம்?' (கேள்விக்குறி போட்டால் நல்லபிள்), வலது பக்கம் வெறும் 'டேட்டைம்' என்று பார்த்ததும், வலது பக்கத்தைத் தானே 'டேட்டைம்?' ஆக மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடுகிறது. நீங்கள் கேட்காமலேயே நடக்கிற உதவி அது. எக்ஸ்பிரஷன் ட்ரீயைக் கையால் கட்டும்போது கம்பைலரின் வேலையை நீங்கள் செய்கிறீர்கள். 'எக்ஸ்பிரஷன்.ஈக்வல்' கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே வகையாக இல்லையென்றால், தானாக எதையும் மாற்றிப் பார்க்காமல் மறுத்துவிடும்.

இதற்குக் கீழே இன்னொரு விஷயம் இருக்கிறது. உங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது அதுதான் என்று நினைக்கிறேன். "நான் மதிப்பையும் டேட்டைம்? என்றுதானே அறிவித்தேன்" என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அறிவித்தது சரி. ஆனால் 'எக்ஸ்பிரஷன்.கான்ஸ்டன்ட்' தன் மதிப்பை 'ஆப்ஜெக்ட்' ஆகத்தான் வாங்குகிறது. ஒரு நல்லபிள் மதிப்பு ஆப்ஜெக்ட் என்ற பெட்டிக்குள் போகும்போது, நிரலை ஓட்டும் ரன்டைம், மேலே இருக்கும் நல்லபிள் உறையைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் தேதியை மட்டும் வைக்கிறது. உள்ளே தேதியே இல்லையென்றால் பெட்டியும் கிடையாது, வெறும் 'நல்' தான் போகும். நல்லபிள் வகைகள் 2005-ல் சி ஷார்ப் 2.0-வோடு வந்தபோதே இப்படித்தான் வடிவமைத்தார்கள். ஆக, நீங்கள் உறையோடு கொடுத்தாலும் கான்ஸ்டன்டின் கையில் சேர்வது உறை இல்லாத தேதிதான். அது பெட்டியைத் திறந்து பார்த்து "வகை: டேட்டைம்" என்று எழுதிக்கொள்கிறது.

தீர்வு, கான்ஸ்டன்டுக்கு வகையையும் சேர்த்துச் சொல்வதுதான்:

இடது = எக்ஸ்பிரஷன்.பிராப்பர்ட்டி(வரிசை, "வெளியேறிய தேதி")
வலது = எக்ஸ்பிரஷன்.கான்ஸ்டன்ட்(மதிப்பு, இடது.டைப்)
நிபந்தனை = எக்ஸ்பிரஷன்.ஈக்வல்(இடது, வலது)

இரண்டாவது வரியில் 'இடது.டைப்' இருக்கிறதே, அதுதான் விட்டுப்போன சொல். ஃபீல்டு எந்த வகையோ அதே வகையில் மதிப்பையும் செய்யச் சொல்கிறோம். ஃபீல்டு நல்லபிள் இல்லையென்றாலும் இதே வரி போதும், தனியாக 'இஃப்' எழுதத் தேவையில்லை. மதிப்பு 'நல்' ஆக இருந்தாலும் இது முக்கியம். வகை சொல்லாமல் 'நல்' கொடுத்தால் கான்ஸ்டன்ட் அதை ஆப்ஜெக்ட் வகை என்று எடுத்துக்கொள்ளும், அப்போது மேல், கீழ் போன்ற ஒப்பீடுகள் உடையும்.

சிலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். மதிப்பை மேலே ஏற்றாமல், ஃபீல்டைக் கீழே இறக்கி, 'எக்ஸ்பிரஷன்.கன்வர்ட்' போட்டு 'டேட்டைம்?' ஃபீல்டை 'டேட்டைம்' ஆக்கிவிடுவார்கள். டேட்டாபேஸில் ஓடும்போது அது பெரும்பாலும் பிரச்சினை செய்யாது. ஆனால் அதே ஃபில்டரை நாளைக்கு மெமரியில் இருக்கும் லிஸ்ட் மேல் ஓட்டினால், வெளியேறாத முதல் கண்டெய்னரைத் தொட்டதும் எக்ஸப்ஷன் வீசும். ஏற்றுங்கள், இறக்காதீர்கள்.

திரையிலிருந்து மதிப்பு எழுத்தாகத்தானே வரும்? அதை மாற்றும் இடத்திலும் இதே பள்ளம் உண்டு. 'கன்வர்ட்.சேஞ்ச்டைப்' நல்லபிள் வகையை ஏற்காது. 'நல்லபிள்.கெட்அண்டர்லையிங்டைப்' கொண்டு உள்ளே இருக்கும் வகையை எடுத்து, அதற்கு மாற்றிவிட்டு, பிறகு கான்ஸ்டன்டுக்கு நல்லபிள் வகையைச் சொல்ல வேண்டும். ஃபீல்டு நல்லபிள் இல்லையென்றால் அந்த மெத்தட் 'நல்' திருப்பித் தரும். அப்போது ஃபீல்டின் சொந்த வகையையே பயன்படுத்துங்கள். ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்), குயிட் (GUID, தனித்த அடையாள எண்) வகைகளை எழுத்திலிருந்து மாற்ற சேஞ்ச்டைப்புக்குத் தெரியாது, அவற்றுக்குத் தனிவழி வேண்டும். 'டைப்டிஸ்கிரிப்டர்' தரும் கன்வர்ட்டரை வைத்துக்கொண்டால் இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துவிடலாம். நல்லபிள் வகைக்கு அது காலி எழுத்தை 'நல்' ஆகவே மாற்றித் தரும். அது வசதியா ஆபத்தா என்பதற்கு அடுத்த கேள்வியில் வருகிறேன்.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வெளியே போன 'தேதி' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், அதில் நேரமும் இருக்கிறது இல்லையா? எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரி பதினொன்றரைக்கு வரிசை கட்டி நிற்கும் லாரிகளைப் பார்த்தவர் நீங்கள். கேட்டைத் தாண்டும் நிமிடம் வரை பதிவாகும். 12-ஆம் தேதி என்று ஈக்வல் போட்டுத் தேடினால், சரியாக நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் போன கண்டெய்னர் மட்டும்தான் கிடைக்கும். அதாவது ஒன்றும் கிடைக்காது. தேதிக்கு ஈக்வல் கேட்டால், அந்த நாள் தொடக்கத்துக்குச் சமம் அல்லது மேல், அடுத்த நாள் தொடக்கத்துக்குக் கீழ் என்று இரண்டு நிபந்தனையாகக் கட்டி 'ஆண்ட்ஆல்சோ' போட்டு இணையுங்கள். 'வரிசை' என்ற அந்தப் பாராமீட்டர் எல்லா நிபந்தனைகளிலும் ஒரே ஆப்ஜெக்டாக இருக்க வேண்டும். ஒரே பெயர் வைத்துப் புதிதாக இன்னொன்று செய்தால் அது வேறு ஆள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் தேடல் திரையில் பத்து பெட்டிகள். பயனர் காலியாக விட்ட பெட்டிக்கு 'நல்' வருகிறது. அதை அப்படியே க்வெரியில் போட்டேன். காலியாக விட்டால் எல்லாம் வர வேண்டும், எனக்கு ஒன்றுமே வரவில்லை. 'மதிப்பு நல் அல்லது ஃபீல்டு = மதிப்பு' என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினால் போதும் என்கிறார் டீம் லீடர். சரிதானா?

இரண்டு காலிகள் இங்கே கலந்துவிட்டன. இந்த மாதம் வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் நான் பார்த்த குழப்பத்தின் வேர் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தேடல் பெட்டியில் இருக்கும் காலி, பயனர் சொன்ன ஒரு செய்தி: "இதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை." டேபிளில் இருக்கும் காலி, அந்த வரியைப் பற்றிய ஒரு செய்தி: இன்னும் நடக்கவில்லை, அல்லது தெரியவில்லை, அல்லது பொருந்தாது. ஒன்று கேட்பவரின் காலி, மற்றது பதிவின் காலி. கோடில் இரண்டுக்கும் 'நல்' என்ற ஒரே சொல் கிடைப்பதால், இரண்டும் ஒன்று என்று நம்பிவிடுகிறோம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகளுக்கு ஒரு டேபிள். கடலுக்குப் போன நேரம், கரை திரும்பிய நேரம் என்று இரண்டு ஃபீல்டு. கடலில் இருக்கும் படகுக்குத் திரும்பிய நேரம் 'நல்'. ஒருவர் திரையில் திரும்பிய நேரத்தைக் காலியாக விட்டு, படகு உரிமையாளர் பெயரை மட்டும் போட்டுத் தேடுகிறார். அவருக்கு அந்த உரிமையாளரின் எல்லாப் படகும் வேண்டும். இன்னொருவர் வந்து, "இப்ப கடல்ல இருக்கற படகு எல்லாம் காட்டு" என்கிறார். அவருக்கு வேண்டியது திரும்பிய நேரம் 'நல்' ஆக இருக்கும் படகுகள் மட்டும். புயல் எச்சரிக்கை வந்த நாளில் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் எல்லோரும் கேட்பார்கள். உங்கள் திரையில் அதைக் கேட்கவே வழி இல்லை. காலியாக விடுவதைத் தவிர அவர் வேறு என்ன செய்ய முடியும்?

ஆகவே ஃபில்டர் என்பதை ஒரு மதிப்பாக மட்டும் வைக்காதீர்கள். ஃபீல்டு பெயர், ஒப்பீடு, மதிப்பு என்று மூன்றும் சேர்ந்த சின்ன ஆப்ஜெக்டாக வையுங்கள். ஒப்பீடுகளில் 'சமம்', 'மேல்', 'கீழ்' போலவே 'காலி', 'காலி இல்லை' என்று இரண்டையும் சேருங்கள். பயனர் தொடாத ஃபீல்டுக்கு ஃபில்டர் ஆப்ஜெக்டே உருவாகக் கூடாது. 'காலி' என்று தேர்ந்தெடுத்தால் மதிப்புப் பெட்டியை மறைத்துவிடுங்கள். கோட் பக்கம், 'காலி' என்று வந்தால் ஃபீல்டின் வகையிலேயே ஒரு 'நல்' கான்ஸ்டன்ட் செய்து ஈக்வல் போடுங்கள். சி ஷார்ப் கோடை டேட்டாபேஸுக்கான க்வெரியாக மாற்றும் என்டிட்டி ஃபிரேம்வொர்க், அதை டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லில் 'இஸ் நல்' (காலியாக உள்ளது) என்று மாற்றிக்கொள்ளும். ஃபீல்டு நல்லபிளே இல்லையென்றால் திரையில் அந்த இரண்டு ஒப்பீடுகளையும் காட்டவே வேண்டாம். காட்டிவிட்டு, 'டேட்டைம்' வகையில் 'நல்' கான்ஸ்டன்ட் செய்யப் போனால் கட்டும்போதே எக்ஸப்ஷன்தான்.

டீம் லீடர் சொன்னதற்கு வருகிறேன். அந்த 'அல்லது' முறை பதில்களைச் சரியாகவே தரும், அதில் அவர் மேல் குற்றம் இல்லை. சிக்கல் வேகத்தில். பத்து பெட்டிகளின் எல்லாச் சேர்க்கைக்கும் ஒரே க்வெரி, அதனால் டேட்டாபேஸும் பொதுவாக ஒரே திட்டத்தை (வரிகளை எப்படித் தேடி எடுப்பது என்ற வழியை) வைத்து எல்லாவற்றையும் ஓட்டப் பார்க்கும். கண்டெய்னர் எண்ணை மட்டும் கொடுத்துத் தேடும்போது பளிச்சென்று எடுக்க வேண்டிய இன்டெக்ஸை விட்டுவிட்டு டேபிள் முழுவதையும் நடந்து பார்க்கலாம். நீங்கள் ஏற்கெனவே க்வெரியை ஓடும்போது கட்டுகிறீர்கள். பிறகு ஏன் வேண்டாத நிபந்தனையையும் சேர்த்து அனுப்ப வேண்டும்? நிரப்பிய பெட்டிக்கு மட்டும் நிபந்தனை சேருங்கள்.

மேடம், பெரம்பூர். 'நிலை முடிந்தது அல்ல' என்று ஃபில்டர் போட்டால் சில வரிகள் காணாமல் போகின்றன. ஆனால் அதே ஃபில்டரை லிஸ்ட் மேல் ஓட்டினால் அவை வருகின்றன. எது உண்மை?

இதே தவறை நான் 2011-ல் செய்தேன், இன்றுவரை மறக்கவில்லை.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனிக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். படகுக்காரர்கள் ஐஸைக் கடனுக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். திரும்பி வந்து, மீனை ஏலத்தில் விட்ட பிறகு பணம் கட்டுவார்கள். நிலை என்ற ஃபீல்டில் 'முடிந்தது' அல்லது 'பாதி' என்று இருக்கும். இன்னும் ஒரு பைசாவும் கட்டாதவர்களுக்கு அந்த ஃபீல்டு 'நல்'. தினமும் காலையில் பாக்கி லிஸ்ட் வேண்டும் என்றார்கள். நிலை 'முடிந்தது' அல்ல என்று எஸ்க்யூஎல்லில் நேராக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

லிஸ்ட் ஒழுங்காக வந்தது. பெயர்கள் இருந்தன, தொகைகள் இருந்தன, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உண்மையில் அதில் பாதி கட்டியவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். கொஞ்சமும் கட்டாதவர்கள் ஒருவர்கூட இல்லை. யாரிடம் முதலில் கேட்க வேண்டுமோ அவர்கள்தான் காணாமல் போயிருந்தார்கள். அங்கே இருந்த கணக்குப்பிள்ளை, மென்பொருள் வந்த பிறகும் தன் நீளமான நோட்டை விடவில்லை. இரண்டு வாரம் கழித்து நோட்டின் கூட்டலும் திரையின் கூட்டலும் ஒத்துப்போகவில்லை என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினார். அவர் கோபப்படவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது.

காரணம் இதுதான். எஸ்க்யூஎல்லில் ஒரு ஒப்பீட்டுக்கு மூன்று விடைகள்: ஆம், இல்லை, தெரியாது. 'நல்' ஒரு பக்கம் வந்தால் சமமா என்றாலும் தெரியாது, சமம் அல்லவா என்றாலும் தெரியாது. க்வெரி 'ஆம்' என்ற வரிகளை மட்டும்தான் எடுக்கும். சி ஷார்ப்பில் அந்த மூன்றாவது விடை இல்லை. 'நல்', 'முடிந்தது' இரண்டும் சமம் அல்ல என்பது அங்கே சுத்தமான ஆம். அதனால் லிஸ்டில் வந்தது, டேபிளில் வரவில்லை. இரண்டு மொழிகளும் அவரவர் விதிப்படி உண்மைதான் சொல்கின்றன.

என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் வழியாகப் போனால், அது சி ஷார்ப்பின் பொருளைக் காப்பாற்றப் பார்த்து, 'அல்லது இஸ் நல்' என்பதைத் தானே சேர்த்துவிடும். அதை நிறுத்தும் 'யூஸ்ரிலேஷனல்நல்ஸ்' என்ற அமைப்பும் உண்டு. உங்கள் புராஜெக்டில் யாராவது அதைப் போட்டிருக்கிறார்களா, அல்லது அந்த இடத்தில் க்வெரியை எழுத்தாக ஒட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். கையால் கட்டும் எஸ்க்யூஎல்லில் 'சமம் அல்ல' என்ற ஒப்பீடு நல்லபிள் ஃபீல்டு மேல் வந்தால், 'அல்லது இஸ் நல்' சேர்ப்பதா இல்லையா என்பதை நீங்கள் தெரிந்தே முடிவு செய்ய வேண்டும். 'மேல்', 'கீழ்' ஒப்பீடுகளில் 'நல்' வரிகள் இரண்டு உலகத்திலும் விழுந்துவிடும், அங்கே ஒற்றுமை உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்னால் 'நாட்' போட்டால் மறுபடி பிரிந்துவிடும். சி ஷார்ப்பில் பொய்யைத் திருப்பினால் மெய். எஸ்க்யூஎல்லில் தெரியாததைத் திருப்பினால் தெரியாததுதான். 'நாட் இன்' (இந்தப் பட்டியலில் இல்லாதவை) பட்டியலுக்குள் ஒரே ஒரு 'நல்' நுழைந்தால் மொத்தத் தேடலும் வெறுங்கையோடு திரும்பும் என்பதும் இதே கணக்குதான்.

அந்த நோட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பணம் வர வேண்டிய இடத்தைக் கணக்குப்பிள்ளை காலியாக விட்டிருந்தார். தொகை சரியாகத் தெரியாத இடத்தில் பென்சிலால் ஒரு சுழி. ஏப்ரல் 15 முதல் மே 29 வரை, அப்போதிருந்த 45 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு விசைப்படகு கடலுக்கே போகாது. அந்தப் பக்கங்களில் குறுக்கே ஒரு கோடு. இன்னும் வரவில்லை, தெரியவில்லை, பொருந்தாது. மூன்றுக்கும் மூன்று குறி. நான் மூன்றையும் 'நல்' என்ற ஒன்றில் கொட்டியிருந்தேன்.

ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற கருத்தை 1970-ல் முன்வைத்த எட்கர் காட், 1990-ல் எழுதியபோது, மதிப்பு உண்டு ஆனால் தெரியவில்லை என்பதற்கு ஒரு குறியும் மதிப்பே பொருந்தாது என்பதற்கு இன்னொரு குறியும் வேண்டும் என்று வாதிட்டார். எஸ்க்யூஎல்லில் அது வரவில்லை, நமக்கு ஒரே 'நல்' தான். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பென்சில் சுழிதான் நினைவுக்கு வந்தது. ஐஸ் கம்பெனியின் டேபிளில் பிறகு நிலை ஃபீல்டை 'நல்' ஆகாதபடி மாற்றி, 'கட்டவில்லை', 'தொகை தெரியவில்லை', 'தடைக்காலம்' என்று வெளிப்படையான மதிப்புகளைக் கொடுத்தேன். பெரம்பூர் வாசகரே, உங்கள் நிலை ஃபீல்டுக்கும் அதையே சொல்வேன். தேதியை 'நல்' ஆக விடலாம், வேறு வழியில்லை. நிலையை விட வேண்டியதில்லை.

தண்டையார்பேட்டை வாசகர்: நான் எக்ஸ்பிரஷன்.கான்ஸ்டன்ட் போட்டுத்தான் ஓட்டுகிறேன், வேலை செய்கிறது. ஆனால் சர்வரில் ஒவ்வொரு தேடலுக்கும் புதிய திட்டம் உருவாகிறது என்று டேட்டாபேஸைப் பராமரிக்கும் டிபிஏ திட்டுகிறார்.

திட்டுவதில் நியாயம் இருக்கிறது. என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர், கான்ஸ்டன்டாக வந்த மதிப்பை எஸ்க்யூஎல்லுக்குள் அப்படியே எழுதிவிடுகிறது. மதிப்பு மாறும்போதெல்லாம் க்வெரியின் எழுத்தும் மாறுகிறது, அதனால் அது ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்குப் புது முகம். லாம்ப்டாவில் கையால் எழுதும்போது மதிப்பு ஒரு வேரியபிளிலிருந்து வருவதால் அது பாராமீட்டராகப் போகிறது.

அதையே நீங்களும் செய்யலாம். 'மதிப்பு' என்ற ஒரே பிராப்பர்ட்டி உள்ள, எந்த வகைக்கும் பொருந்தும் சின்ன ஜெனரிக் கிளாஸ் ஒன்று எழுதுங்கள். ஃபீல்டின் வகையைக் கொண்டு அதற்கு ஒரு ஆப்ஜெக்ட் செய்து, மதிப்பை அதில் வையுங்கள். கான்ஸ்டன்டாக அந்த ஆப்ஜெக்டைக் கொடுத்து, அதன் மேல் 'எக்ஸ்பிரஷன்.பிராப்பர்ட்டி' போடுங்கள். வலது பக்கமாக அதைத்தான் ஈக்வலுக்குக் கொடுக்க வேண்டும். இதில் நம் விஷயத்துக்கும் ஒரு லாபம் உண்டு. அந்த பிராப்பர்ட்டியின் வகை ஏற்கெனவே 'டேட்டைம்?' என்பதால், முதல் கேள்வியில் பார்த்த வகைப் பிரச்சினை இங்கே எழுவதே இல்லை. 'காலி' என்று தேர்ந்தெடுத்ததற்கு மட்டும் பழைய 'நல்' கான்ஸ்டன்டே இருக்கட்டும். அது மாறாத கேள்வி, ஒரே திட்டம் போதும்.

அக்கா, வியாசர்பாடி. பூல்? வகை (ஆம், இல்லை அல்லது காலி) ஃபீல்டை நேராக நிபந்தனையாகக் கொடுத்தால் ஏற்கவில்லை.

ஃபில்டர் லாம்ப்டா 'பூல்' திருப்ப வேண்டும், உங்களுடையது 'பூல்?' திருப்புகிறது. ஃபீல்டை, 'பூல்?' வகையில் செய்த 'ட்ரூ' கான்ஸ்டன்டோடு ஈக்வல் செய்யுங்கள். ஈக்வலின் விடை, இரண்டு பக்கமும் நல்லபிளாக இருந்தாலும், வெறும் 'பூல்' தான். அப்புறம், திரையில் அதற்கு டிக் பெட்டி வைக்காதீர்கள். 'ஆம்', 'இல்லை', 'பதிவாகவில்லை', 'எதுவானாலும்' என்று நான்கு தேர்வு கொடுங்கள்.

ராயபுரம், கல்லூரி மாணவி. நாங்கள் பைத்தானில் எழுதிய ஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க்தான் படிக்கிறோம் மேடம். எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லைதானே?

நம்ம ஊர்ப் பிள்ளை! தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பிய ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்து கடிதம் வந்தால் எனக்குத் தனி சந்தோஷம்.

வகைத் தொல்லை பைத்தானில் குறைவு, இரண்டு காலிகளின் தொல்லை அப்படியே உண்டு. ஜாங்கோவில் ஃபில்டருக்கு 'நன்' என்ற பைத்தானின் வெற்று மதிப்பைக் கொடுத்தால், அது 'இஸ் நல்' என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே காலிப் பெட்டியை அப்படியே அனுப்பினால், "கவலை இல்லை" என்று பயனர் சொன்னதை "காலியாக உள்ளதை மட்டும் கொடு" என்று மாற்றிவிடுகிறீர்கள். நிரப்பிய பெட்டிகளை மட்டும் ஒரு டிக்ஷனரியில் சேர்த்து அனுப்புங்கள். காலியைத் தேட 'இஸ்நல்' என்ற தனி லுக்அப் இருக்கிறது. 'எக்ஸ்குளூட்' போட்டு சில வரிகளை விலக்கும்போது 'நல்' வரிகள் விழாமல் ஜாங்கோ பார்த்துக்கொள்கிறது. ஆனால் நேரடி எஸ்க்யூஎல் எழுதினால் அந்தக் காவல் இல்லை. எழுத்து ஃபீல்டில் காலி எழுத்தும் 'நல்' உம் இரண்டும் இருக்கும்படி மாடல் எழுதாதீர்கள். ஒன்றுக்கு இரண்டு காலி ஆகிவிடும்.

எண்ணூர் வாசகர்: இதையெல்லாம் டெஸ்ட் செய்ய என்னென்ன டேட்டா வேண்டும்?

நிறைய வேண்டாம். படகு உதாரணத்திலேயே சொல்கிறேன். நேற்று நள்ளிரவு சரியாகப் பன்னிரண்டுக்குத் திரும்பிய படகு ஒன்று, நேற்று சாயந்திரம் திரும்பியது ஒன்று, இன்று காலை திரும்பியது ஒன்று, இன்னும் கடலில் இருப்பது ஒன்று. இந்த நான்கு வரிகள் மேல் ஒவ்வொரு ஒப்பீட்டையும் ஓட்டுங்கள், அதற்கு முன்னால் 'நாட்' போட்டும் ஓட்டுங்கள். மெமரி லிஸ்டில் ஒரு முறை, நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் டேட்டாபேஸில் ஒரு முறை. டெஸ்டுக்காக என்டிட்டி ஃபிரேம்வொர்க் தரும் மெமரி டேட்டாபேஸை மட்டும் நம்பாதீர்கள். அது சி ஷார்ப் விதிப்படி நடந்துகொண்டு, எஸ்க்யூஎல்லின் மூன்றாவது விடையைக் காட்டாமல் மறைத்துவிடும். நான்காவது படகு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வருகிறதா என்று முதலில் பாருங்கள். அது ஒத்துப்போகாத ஒப்பீட்டை மட்டும் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.